கொண்டோரி வீட்டு வேலைநிறுத்தம்

நெமேசியா நீட்டிய தாளில் கணவனின் குற்றங்கள் தேதி வாரியாக இருந்தன.

ஒன்று: பிள்ளை பெற்ற ஆறாம் நாள், சங்கத் தோழர்கள் ஒன்பது பேரைச் சூப்புக்கு அழைத்து வந்தது. இரண்டு: பதினோராம் நாள், பால் கொடுத்துவிட்டுக் கண்ணயர்ந்தவளை எழுப்பி, காலுறை எங்கே என்று கேட்டது. மூன்று: பதினாறாம் நாள், தொட்டில் பக்கத்தில் நின்று மேடைப்பேச்சு ஒத்திகை பார்த்தது. நான்கு: நேற்று, "படுத்துக்கிட்டுத்தானே பால் கொடுக்குற, அதுவே ஓய்வுதானே?" என்றது.

கசியானோ கொண்டோரி இரண்டு முறை படித்தான். வெள்ளீயச் சுரங்கத்தில் பதினெட்டு வருஷம் சங்கம் நடத்தியவன். எட்டு மணி நேர வேலைக்காக மூன்று முறை சிறை போனவன். இவ்வளவு சுத்தமான கோரிக்கை மனுவை அவன் சங்கத்திலேயே யாரும் எழுதியதில்லை.

"என்ன இது?"

"வேலைநிறுத்தம். பால் மட்டும் கொடுப்பேன். மத்ததெல்லாம் நிக்குது."

"நமக்குள்ள எதுக்குடி மனு?"

"கம்பெனிக்காரனும் இதையேதான உங்ககிட்ட சொன்னான்? நாமெல்லாம் ஒரே குடும்பம்னு?"

கசியானோ வேறு வழி பார்த்தான். "சமையலுக்கு என் தங்கச்சியக் கூப்பிட்டுக்கறேன்."

"கூப்பிடுங்க. வாசல்ல நின்னு 'கருங்காலி'ன்னு கத்துவேன். ஹுஸ்தா அக்காவும் கத்துவாங்க."

சுரங்க முகாம் வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஹுஸ்தாவின் குரல் வந்தது: "தொண்டை தயாரா இருக்கு தம்பி!"

சுடச்சுடப் பதில் சொல்லத் திரும்பியவன் நின்றான். நெமேசியாவின் தலை சாய்ந்திருந்தது. உட்கார்ந்தபடியே தூக்கம். மடியிலிருந்து பிள்ளை மெல்ல வழுக்கியது. பாய்ந்து பிடித்தான்.

இரட்டை ஷிப்ட் பார்த்தவன் துளைக்கருவியைப் பிடித்தபடி தூங்கி விழுந்ததை அவன் கண்டிருக்கிறான். அதற்குக் 'கொலை' என்று தலைப்பிட்டுத் துண்டறிக்கை போட்டவனும் அவன்தான். இவளுக்கு ஷிப்ட் முடிவதே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் பிள்ளை சங்கு ஊதிவிடுகிறது.

அவள் திடுக்கிட்டு விழித்தாள். "பிள்ளை?"

"எங்கிட்ட இருக்கு. பகல்ல உனக்கு ரெண்டு தூக்கம். சமையல், துணி, விருந்தாளி எல்லாம் என் பொறுப்பு."

"எழுத்துல குடுங்க."

எழுத்து என்றதும் அவனுக்குப் பெருமை பொங்கியது. வாய்ப்பேச்சை நம்பாதே என்று முகாமுக்கே பாடம் எடுத்தவனாயிற்றே! "வீட்டுல வேணாம். ஞாயித்துக்கிழமை சங்கக் கூடத்துல, சாட்சிகள் முன்னால போடுவோம். எல்லாப் பயலும் என்னைப் பாத்துக் கத்துக்கட்டும்."

ஞாயிறன்று கூடம் நிரம்பி வழிந்தது. ஒப்பந்தத்துக்குச் சங்கத்தில் இருந்தது ஒரே படிவம், கம்பெனியோடு போடுவது. நெமேசியா அதைத் தன் பிறந்த வீட்டுப் பெயரில் நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள். கசியானோ படிக்காமல் கையெழுத்துப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

செயலாளர் பாசிலியோ தொண்டையைச் செருமினார். "தொழிலாளர் தரப்பில், நெமேசியா சோக்கே!"

பெண்கள் கைதட்டினார்கள்.

"முதலாளி தரப்பில்..." பாசிலியோ தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு உரக்கப் படித்தார். "கசியானோ கொண்டோரி!"