மேடத்தின் விரலை டிடாச் செய்யப் போன கதை

பரீட்சைக்குப் படித்த வார்த்தைகளுக்கு ஒரு குணம் உண்டு. கேள்வித்தாளைப் பார்த்தால் வரிசையில் வந்து நிற்கும். மனுஷரைப் பார்த்தால் ஓடி ஒளிந்துகொள்ளும். அப்படியே வந்தாலும் தப்பான ஒன்றுதான் முண்டியடித்துக்கொண்டு முதலில் வரும்.

நான் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்திருந்த நேரம். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அப்பாவுக்கு ஒரு சின்னப் பட்டறை. ஹீட்டருக்குள்ளே கம்பி சூடாகும்போது அதைத் தாங்கி நிற்கும் பீங்கான் வளையங்களும் குழல்களும் செய்துவந்தார். காலையில் நான் பேங்க் பரீட்சைக்காகக் கோச்சிங் போவேன். மதியம் பட்டறை ஆபீஸில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பேன். (வீட்டில் இதற்குப் பெயர் ‘அப்பாவுக்கு ஒத்தாசை’.)

அந்த வாரம் கோச்சிங்கில் நடத்தியது முழுக்க விடுவிக்கிற வார்த்தைகள். முடிச்சை அவிழ்த்தால் அன்டை. நூல் சிக்கலைப் பிரித்தால் டிஸ்என்டேங்கிள். மாட்டிக்கொண்டதைப் பத்திரமாக வெளியே எடுத்தால் எக்ஸ்ட்ரிகேட். விடுதலை கொடுத்தால் லிபரேட். சேர்ந்திருப்பதைத் தனியாகப் பிரித்து எடுத்தால் டிடாச். எல்லாம் தலைகீழ்ப் பாடம். கொடியில் சிக்கிய புடவையை எடுக்கச் சொன்ன அம்மாவிடம்கூட, “டிஸ்என்டேங்கிள் பண்ணிட்டேம்மா” என்றேன்.

“என்னமோ பண்ணு. கிழிக்காம பண்ணு” என்றார் அம்மா.

இந்தச் சமயத்தில்தான் அகமதாபாத்திலிருந்து ஒரு ஹீட்டர் கம்பெனி மேடம் சரக்கு பார்க்க வந்தார். ஆர்டர் கிடைத்தால், வேலையில்லாமல் மூடிக்கிடந்த இரண்டாவது சூளையை அப்பா மறுபடி பற்றவைக்கலாம். அதனால் வீட்டில் ஒரு வாரமாக ஜெபமாலை ஓயவில்லை.

“பாப்பா, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்லீஷ் தெரியாது. நடுவுல நீ இருக்குற. எனக்கு என்னா கவல?” என்றார் அப்பா. மேடத்திடமும் என்னைக் காட்டி, “டாட்டர். பி.ஏ. இங்லீஷ்” என்று அறிமுகப்படுத்தினார். அதைவிடப் பெரிய ஆங்கிலம் அன்றைக்கு நான் பேசவில்லை. மேடம் கேட்டதற்கெல்லாம் “யெஸ் மேடம்” என்றேன். எல்லாம் நன்றாகத்தான் போனது.

சூளைப் பக்கம் வந்ததும் மேடம் ஒரு வளையத்தை எடுத்து மோதிரம்போல விரலில் போட்டுக்கொண்டு, “மை எங்கேஜ்மென்ட் ரிங்!” என்று கையை நீட்டினார். எல்லோரும் சிரித்தோம். (அப்பா ஒரு விநாடி தாமதமாக, ஆனால் எல்லோரையும்விடச் சத்தமாக.) பிறகு மேடம் வளையத்தை இழுத்தார். வரவில்லை. திருகினார். வரவில்லை.

மே மாதம். பக்கத்தில் எரிகிற சூளை. எண்ணெய் தடவினோம், சோப்பு போட்டோம். விரல் வீங்கிச் சிவந்ததுதான் மிச்சம். மேடத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒடச்சாத்தான் வரும் மொதலாளி. கொறட்டுல வச்சி ஒரு அமுக்கு அமுக்குனா வளையம் ரெண்டா வுட்டுடும்” என்றபடி சூளைக்காரர் கலியமூர்த்தி அண்ணன் உள்ளே போனார்.

அப்பா என்னிடம் திரும்பினார். “பயப்பட வேணாம், வெரல பத்திரமா எடுத்து வுட்டுடுவோம்னு சொல்லும்மா.”

எடுத்து விடுவது! நான் படித்த பாடம்! வாயைத் திறந்தேன். எக்ஸ்ட்ரிகேட் வரவில்லை. ஆபத்துக்கு ஒரு ரிலீஸ்கூட வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்று.

“டோன்ட் வொர்ரி மேடம். வி வில் டிடாச் யுவர் ஃபிங்கர்.”

அதாவது, கவலைப்படாதீர்கள், உங்கள் விரலைத் தனியாகக் கழற்றி எடுத்துவிடுகிறோம்.

சரியாக அந்த நேரத்தில் முழங்கை நீளக் குறட்டோடு கலியமூர்த்தி அண்ணன் வந்தார். மேடம் இரண்டடி பின்னால் போனார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து, தைரியம் சொல்வது என் கடமை என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்தேன். “நோ பெயின் மேடம். ஹி இஸ் வெரி எக்ஸ்பீரியன்ஸ்ட்.”

நடப்பது புரியாத அப்பா, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, இரண்டு கையாலும் நறுக்கென்று அமுக்கிக் காட்டினார்.

மேடம் ஓடினார். ஆபீஸுக்குள் புகுந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் பின்னாலேயே ஓடிக் கதவைத் தட்டி, “ப்ளீஸ் மேடம், வி வில் லிபரேட் யூ!” என்று கத்தினேன். உள்ளேயிருந்து செல்போனில் படபடவென்று இந்தி. எனக்குப் புரிந்தது ‘போலீஸ்’ ஒன்றுதான்.

“என்னம்மா சொன்ன அவங்கள்ட்ட?” என்றார் அப்பா. சொன்னதைத் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வேர்த்துக் கொட்டியது. அப்பா திட்டவில்லை. மூடிக்கிடந்த சூளையை ஒரு தடவை பார்த்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தார். அதற்கு அவர் நாலு அடி போட்டிருக்கலாம்.

இனி வாயை நம்பிப் பயனில்லை என்று தெரிந்தது. ஒரு வளையத்தை எடுத்து என் விரலில் திணித்துக்கொண்டு, ஆபீஸ் ஜன்னலுக்கு எதிரே போய் நின்றேன்.

“அமுக்குங்கண்ணே.”

“பாப்பா, வேணாம். வெரல்ல போட்டு நான் ஒடச்சதே இல்ல.”

“வெரி எக்ஸ்பீரியன்ஸ்ட்னு சொல்லியிருக்கேன். மானத்த வாங்காதீங்க.”

கண்ணை மூடிக்கொண்டேன். (கலியமூர்த்தி அண்ணனும் மூடிக்கொண்டாராம். பிறகுதான் சொன்னார்.) டக்கென்று ஒரு சத்தம். வளையம் இரண்டாக விழுந்தது. என் விரல் என் கையிலேயே இருந்தது. அதை ஜன்னலுக்கு நேரே மடக்கியும் நீட்டியும் ஆட்டிக் காட்டினேன்.

உள்ளே செல்போன் பேச்சு நின்று, வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. மேடம் அப்பாவின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார். டக். விடுபட்ட விரலைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“எக்ஸ்ட்ரிகேட். யூ மென்ட் எக்ஸ்ட்ரிகேட்?”

“யெஸ் மேடம்” என்றேன். மேடம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, அப்பாவுக்குப் பக்கத்தில் அதே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆர்டர் வந்தது. இத்தனை அமுக்கினால்தான் உடைகிறது என்றால் சரக்கு தரமானதுதான் என்று மேடம் சொன்னதாக அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். (மேடம் அப்படிச் சொல்லவே இல்லை. மொழிபெயர்த்தது நான்.)

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் எதையும் கழற்றுவதில்லை, பிரிப்பதில்லை, உரிப்பதில்லை. பலாச்சுளை முதல் சைக்கிள் வீல் வரை எல்லாமே டிடாச்தான். போன மாதம், கை எலும்பு விரிசல் விட்டதற்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரிக்க அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் கட்டரைக் கையில் எடுத்து, “ரிமூவ் பண்ணிடலாமா?” என்றார்.

அப்பா கையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

“மாவுக்கட்டத்தானே டாக்டர்? எதுக்கும் தமிழ்ல ஒரு தடவ சொல்லிடுங்க. எம் பொண்ணு இங்லீஷ்ல பி.ஏ.”