ஆடியில் ஒரு பிரிண்டர் கல்யாணம்

எங்கள் ஜில்லாவிலேயே அதிகக் கல்யாணம் முடித்துவைத்தவர் தரகர்தான். அதில் ஒரு மனுஷ ஜோடிகூடக் கிடையாது என்பது வேறு விஷயம்.

ராஜபாளையத்துக்கும் செட்டியார்பட்டிக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. பழைய டி.வி., கம்ப்யூட்டர், பிரிண்டர்களின் பிளாஸ்டிக்கை அரைத்து, உருக்கிக் கலந்து, குருணையாக்கி விற்கிற இடம். நான் அங்கே தரம் பார்க்கும் வேலையில் நாலு வருஷம் இருந்தேன். தரகர் உருக்கும் மெஷினை ஓட்டியவர். அவருடைய சொந்தப் பெயரை வருகைப் பதிவேட்டைத் தவிர யாரும் உபயோகித்ததில்லை.

வேறு வேறு ஜாதி பிளாஸ்டிக் லேசில் சேராது. வெறுமனே உருக்கிக் கலந்தால் ஆறியதும் தோல் தோலாக உரிந்துவரும். இரண்டுக்கும் வேண்டப்பட்ட ஒரு பொடியை நடுவில் போட்டால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இதைக் கல்லூரியில் எனக்குப் படம் போட்டு விளக்கினார்கள். ஒரு மண்ணும் புரியவில்லை. தரகர் சொன்னதுதான் புரிந்தது.

"டி.வி. வீட்டு மாப்பிள்ளை கொஞ்சம் வறட்டு ஆளு தம்பி. கீபோர்டு வீட்டுப் பொண்ணு நல்ல தெம்பு. நடுவுல நின்னு பேசி முடிக்க ஆள் வேணும்லா?"

பொடியைத் தராசில் கிராம் பிசகாமல் நிறுப்பார். கடைசிச் சிட்டிகையை மட்டும் கையில் எடுத்து அட்சதை தூவுவதுபோலத் தூவுவார். மெஷினிலிருந்து கறுப்பு இழைகள் நெளிந்து வந்து தண்ணீர்த் தொட்டியில் இறங்கும். மத்தியான வெயில் தொட்டியில் பட்டுக் கூரையில் அலையும். மலைக்காற்று தகரத்தைத் தடவிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் தரகர் இந்த உலகத்திலேயே இருக்கமாட்டார். பக்கத்தில் நின்றால் நமக்கும் எங்கோ நாதஸ்வரம் கேட்பதுபோலக் கண் சொக்கும்.

அப்படி அவர் சொக்கி நின்ற ஒரு மத்தியானம், வத்திராயிருப்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பொருத்தம் பார்ப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று எவரோ சொன்னதை நம்பி, மகள் ஜாதகத்தோடு வந்துவிட்டார். தரகர் இழையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"மாப்பிள்ளை டி.வி. வீடு."

"கடை எந்த ஊர்ல?"

"கடையா? எல்லாம் ஒடைசல். லாரியில வந்து எறங்குது."

பெரியவர் முகம் சுருங்கியது. "பொண்ண நல்லா வச்சுக்கிடுவாவளா?"

"மொதல்ல அரைச்சிருவோம். பொறவு எரநூறு டிகிரில உருக்கிட்டோம்னா பிரியவே பிரியாது."

பெரியவர் ஜாதகத்தை மடியில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் நடையைக் கட்டினார்.

ஒரு வருஷம் தொழில் படுத்துவிட்டது. அப்போது ஒரு மில்லில் நூல் சுற்றும் பாபினுக்குக் குருணை கேட்டார்கள். பாபின் தரையில் விழுந்தால் உடையக் கூடாது. அதற்குப் பிரிண்டரின் மேல்மூடியும் உள்கூடும் சேர்ந்த புதுக் கலவை வேண்டும். மாதிரி தேறாவிட்டால் மெஷினை விற்றுவிட்டுக் கொட்டகையைக் குடோனாக்கப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். மெஷின் இல்லாத தரகரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தரகரோ ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஆடி பொறந்துட்டு தம்பி. ஆடியில புதுசா எதையும் சேக்க மாட்டேன்."

முதலாளி திட்டினார், கெஞ்சினார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் அனுப்பிப் பால்கோவா வாங்கித் தந்தார். தரகர் அதை ரசித்துத் தின்றுவிட்டு, ஆவணியில் பார்க்கலாம் என்றார். மில்காரர் அந்த வாரக் கடைசியில் வருவதாக இருந்தது.

கடைசியில் வாயைத் திறந்தது பாத்திமா அக்கா. வருகிற பிரிண்டர்களையெல்லாம் திருப்புளியால் கழற்றிப் பிரிப்பது அவர்தான்.

"அண்ணாச்சி, மூடியும் கூடும் ஒரே பிரிண்டர்ல பத்து வருஷம் குடித்தனம் பண்ணுனதுதான. நான்தான் நேத்து திருப்புளியப் போட்டுப் பிரிச்சேன். அந்தப் பாவம் என் தலையில கெடக்கு. பிரிஞ்சவியளச் சேத்துவைக்க ஆடி என்ன, ஆவணி என்ன?"

தரகர் அக்கா பிரித்துப் போட்டிருந்த குவியலிலிருந்து ஒரு மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பிரிஞ்சு நிக்கவியளா," என்று முணுமுணுத்தார். பிறகு மெஷினைச் சூடேற்றினார். அன்று அட்சதை இரண்டு சிட்டிகை விழுந்ததை நான் பார்த்தேன். தரம் பார்ப்பவன் நான்தான், பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

மில்காரர் அந்தக் குருணையை வாங்கிப்போய், அதில் வார்த்த பாபின்களோடு திரும்பி வந்தார். ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிச் சிமெண்டுத் தரையில் போட்டார். திரும்ப எடுத்துப் போட்டார். மூன்றாம் முறை ஓங்கியே அடித்தார். அது துள்ளி, உருண்டு, என் காலடியில் வந்து நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. முதலாளி சிரித்தார். தரகரைக் காணவில்லை.

கொட்டகைக்குப் பின்னால், துண்டை வாயில் பொத்திக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"என்ன தம்பி, ரெண்டு பேரும் சேந்து இருக்காவளா?"

"நல்லா இருக்காவ அண்ணாச்சி."

திரும்பினார். மகளை நல்ல இடத்தில் கொடுத்த தகப்பனின் முகம் அது. அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கூச்சத்தில் விட்டுவிட்டேன்; அந்தக் குறை இன்னும் என்னிடம் இருக்கிறது.