கசப்புக்குக் கொஞ்சம் அதிமதுரம்

"கைய லூசா விடுங்க அங்கிள்" என்று நர்ஸ் மாதவி மறுபடியும் சொன்னாள்.

லூசாக விட்டால் உயிரே போய்விடும் என்பதுபோல் திருச்செல்வம் முஷ்டியை இறுக்கிக்கொண்டிருந்தார். பிரஷர் சரியாக இருந்தால்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இருந்தால்தான் ஸ்கூல் பஸ் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியும். லைசென்ஸ் போனால் மலேசியாவின் கிள்ளான் நகரில் அவர் பஸ் அங்கிள் இல்லை, வெறும் அங்கிள்தான்.

"ஹையா இருக்கு. இந்த மாத்திரைய சாப்பிட்டுட்டு அடுத்த திங்கக்கெழம வாங்க" என்றார் டாக்டர்.

வீட்டில் மனைவி உஷாராணி பிடித்துக்கொண்டாள்.

"பேசாம பஸ்ஸ விட்டுடுங்களேன். போன மாசம் சிக்னல்ல தூங்கிட்டீங்க. பிள்ளைங்க கூப்பாடு போட்டு எழுப்புச்சுங்க."

"கண்ண மூடி யோசிச்சேன் லா! நிறுத்தணும்னா கவர்மெண்டு சொல்லட்டும், நிறுத்துறேன். நீ சொல்லி இல்ல."

மாத்திரையைத் தொட்டால் சாகிறவரை விடாது என்பது திருச்செல்வத்தின் கட்சி. அதை அலமாரியில் போட்டுவிட்டு, மனைவியோடு ஆ செங்கின் சீன மருந்துக் கடைக்குப் போனார். ஆ செங் கேரி தீவுத் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர். தமிழ் தண்ணீர்பட்ட பாடு. கடை முதலாளி என்பதால் எல்லாருக்கும் அவர் 'தவுக்கே'.

"டாக்டர் மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"இல்ல தவுக்கே."

"அப்போ இத மண்சட்டியில காய்ச்சிக் குடிங்க. வேற எதையும் கலக்காதீங்க. வேர்னா சும்மா இல்ல, அதுவும் மருந்துதான்."

வெளியே ஹாரன் அலறியது. திருச்செல்வம் ஒரு லோரியை மறித்து பஸ்ஸை நிறுத்தியிருந்தார். அவர் ஓடினார். உஷாராணி பொட்டலத்தோடு நிதானமாகப் பின்னால் வந்தாள்.

கஷாயம் நாக்கில் பட்டதும் திருச்செல்வத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"ரொம்ப கசக்குதா? கொஞ்சம் அதிமதுரம் போட்டுத் தரேன், இனிப்பா இருக்கும்" என்றாள் உஷாராணி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிக் கனிவாகப் பேசியதே இல்லை. திருச்செல்வத்துக்கு மனம் இளகிவிட்டது.

திங்கட்கிழமை பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?"

"இல்லவே இல்ல டாக்டர்."

அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அட்டையிலிருந்து பிதுக்கி எடுப்பதுதான் மருந்து. வேரும் பட்டையும் சாப்பாட்டில் சேர்த்தி.

"கடைசியா இன்னும் ஒரு வாரம் தரேன்" என்றார் டாக்டர்.

திருச்செல்வம் ஆ செங்கிடம் ஓடினார். "பவர் பத்தல தவுக்கே!"

ஆ செங் யோசித்துவிட்டு வேறு சரக்கு கொடுத்தார். அது பழையதை விட இரு மடங்கு கசந்தது. உஷாராணி முகம் சுளிக்காமல் அதிமதுரத்தையும் இரு மடங்காக்கினாள். அவர் வேண்டாம் என்று தள்ளிய வேளையிலும் பக்கத்தில் நின்று ஊட்டினாள்.

கால் வீங்கியது. செருப்பு ஏறவில்லை. தலையிலிருந்த பிரஷர் காலுக்கு இறங்கிவிட்டது என்று திருச்செல்வம் சந்தோஷப்பட்டார்.

அடுத்த திங்கட்கிழமை கருவி காட்டிய எண்ணைப் பார்த்து மாதவி பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், மன்னிச்சிருங்க. கையெழுத்துப் போட முடியாது. இனிமே நீங்க பஸ் ஓட்டக் கூடாது" என்றார் டாக்டர்.

திருச்செல்வம் வெளியே வந்து பஸ்ஸில் ஏறினார். டிரைவர் சீட்டில் உட்கார மனம் வரவில்லை. பிள்ளைகள் உட்காரும் பின்சீட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நாளைக் காலையிலிருந்து எதற்காக எழுந்திருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. வழியில் குடிக்க உஷாராணி கொடுத்துவிட்ட பிளாஸ்கில் மிச்சமிருந்த கஷாயத்தை எடுத்துக்கொண்டு, டாக்ஸி பிடித்து ஆ செங்கின் கடைக்குப் போனார்.

"என் பொழப்பக் கெடுத்துட்டீங்களே தவுக்கே! நல்லா இருப்பீங்களா?"

ஆ செங் பதறிப்போய் பிளாஸ்கைத் திறந்தார். மூடியில் ஒரு சொட்டு ஊற்றி நக்கிப் பார்த்தார்.

"இதுல அதிமதுரம் இருக்கே. நான் போடலியே?"

"அது என் சம்சாரம் போட்டது. நான் கசப்பு தாங்க மாட்டேன்னு, பாவம்."

ஆ செங் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, அது பிரஷர ஏத்தும்னு மொத நாளே அவங்ககிட்ட சொன்னேனே. 'நிறுத்துனா திரும்ப இறங்கிடுமா'ன்னு நல்லாக் கேட்டுக்கிட்டுத்தானே, என்கிட்டயே அரைக் கிலோ வாங்கிட்டுப் போனாங்க!"