துவைத்த சாட்சி

வாஷிங் மெஷினிலிருந்து கணவரின் சட்டையை எடுத்து உதறியபோது, பையிலிருந்து ஒரு காகித உருண்டை விழுந்தது. தையற்கார அக்கா அதைப் பிரித்துப் பார்த்தாள். செக்.

ஒரு லாட்ஜின் அத்தனை ஜன்னல்களுக்கும் திரை தைத்துக் கொடுத்தவள் அவள். முதலாளி கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பி, விஷயம் கோர்ட் வரை போயிருந்தது. அது தன் கையெழுத்தே இல்லை என்று அவர் ஒரேயடியாகச் சாதித்தார். இன்று காலை சமரசப் பேச்சு. செக்கைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் வக்கீலம்மா. நேற்று அதைப் பத்திரப்படுத்துகிறேன் என்று வாங்கிக்கொண்ட கணவர், விடியுமுன்பே பஸ் ஓட்டப் போய்விட்டார். பையைப் பார்க்காமல் சட்டையைத் துவைக்கப் போட்டவள் அவளேதான். எந்த முகத்தோடு அவருக்குப் போன் செய்வது?

இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். மை கரைந்து நீலத் திட்டாகியிருந்த காகிதம் காய்ந்தது, கூடவே ஒரு மூலை கருகியது. கிழிந்த இடத்தில் டேப் ஒட்டினாள். கோணலாகிவிட்டதே என்று டேப்பை உரித்தபோது மிச்சம்மீதி எழுத்தும் அதோடு வந்துவிட்டது. எதிர்வீட்டு டீச்சரம்மா பெரிய மனது பண்ணி, பேனாவால் மேலே எழுதித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டு, அந்தக் கந்தலை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

பணம் வந்தபிறகு பீஸ் கொடுத்தால் போதும் என்று வழக்கை எடுத்தவர் வக்கீலம்மா. உறையைப் பார்த்து அவர் திட்டவில்லை. அதுதான் அக்காவுக்கு இன்னும் வலித்தது.

"பேங்க் கொடுத்த சீட்டு இருக்கு, நோட்டீஸ் போன அத்தாட்சி இருக்கு. கல்யாணத்துக்கு எல்லாரும் வந்துட்டாங்க, பொண்ணைத்தான் காணோம். நீங்க வாயே திறக்காதீங்க, நான் வாய்தா கேட்டுப் பார்க்கறேன்" என்றார்.

சமரச அறையில் ஒரு மேஜை, நாலைந்து நாற்காலி. சமரச அதிகாரி செக்கைக் கேட்டார். வேறு வழியில்லாமல் அக்கா உறையை மேஜைமேல் வைத்தாள். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு லாட்ஜ் முதலாளி பக்கம் தள்ளினார். இதுவா உங்கள் கையெழுத்து என்று கேட்டார்.

லாட்ஜ் முதலாளிக்குத் தன் கையெழுத்தின்மேல் அப்படியொரு பெருமை. 'ஜன்னலில் துணி காயப்போடாதீர்கள்' என்பது உட்பட லாட்ஜிலுள்ள எல்லாப் பலகையும் அவர் கைப்பட எழுதியதுதான். அந்த நீலத் திட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"என்னம்மா இது? நான் கொடுக்கும்போது இப்படியா இருந்தது? ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தா எழுதிக் கொடுத்தேனே."

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்போ எழுதிக் கொடுத்தது நீங்கதான்" என்றார் அதிகாரி, நிதானமாக.

லாட்ஜ் முதலாளி கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து முழுப் பணத்தையும் அனுப்பிவைத்தார்.

வெளியே வராந்தாவில் அக்கா வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டீச்சரம்மாவுக்கு, அதிகாரிக்கு, ஏன், லாட்ஜ் முதலாளியின் கர்வத்துக்கும்கூட மனசுக்குள் நன்றி சொன்னாள். செக்கைச் சட்டைப்பையிலேயே மறந்துவிட்டுப்போன மனுஷனுக்குத்தான் முதல் நன்றி சொல்லவேண்டும் என்று தோன்றியது. அவர் பஸ்ஸை நிறுத்தியிருக்கும் நேரம் பார்த்துப் போன் செய்து, துவைத்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தாள்.



"லாட்ஜ்காரர் செக்கை பீரோவுல வச்சுப் பூட்டிட்டுத்தானே வந்தேன்" என்றார் கணவர். "நீ துவைச்சது, நம்ம வீட்டு வாடகைக்கு நான் எழுதி வச்சிருந்த செக்."