எழுபது வளைவில் ஒரு பசுமை நிச்சயதார்த்தம்

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதுவும் மதியச் சோற்றுக்காக. (சோறு நின்றது, படிப்பும் நின்றது.) அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு கொல்லிமலையில் முதன்முதலாக வாடகைப் பந்தல் போட்டவன் நான். ரோடு கெட்டுக் கிடந்த காலத்தில் இரும்பு நாற்காலிகளைத் தலையில் சுமந்து ஊர் ஊராகப் போனவன் நான். என் மைக் செட் வந்த பிறகுதான் இந்த மலையில் சாமிக்கே காது கேட்க ஆரம்பித்தது. அப்புறம் லாரி, அப்புறம் ஜெனரேட்டர், கடைசியாக வாசலூர்பட்டி போகிற ரோட்டோரம் சொந்தமாக ஒரு கல்யாண மண்டபம். அதற்குக் கடைக்கால் தோண்டும்போது “மலை மேல எவன் வந்து கல்யாணம் பண்ணுவான்” என்று சிரித்தவர்கள் எல்லாரும் பின்னால் அங்கேதான் வந்து சாப்பிட்டார்கள். சிலர் ரெண்டு பந்தி.

இப்பேர்ப்பட்ட ஆளை ஒரு நிச்சயதார்த்தம் படுத்திய பாட்டைத்தான் எழுதப் போகிறேன். என் வீட்டில் இதை வேறு மாதிரி சொல்லிச் சிரிக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம்.

என் மகள் பூங்கொடிக்குக் கோயம்புத்தூரில் வேலை. ஒரு விழா நடத்தினால் அதனால் காற்றில் எவ்வளவு கார்பன் சேருகிறது என்று கணக்குப் போட்டு, அதைக் குறைக்க வழி சொல்கிற வேலை. (ஆயுசு முழுக்க நான் விழா நடத்தியிருக்கிறேன், ஒருத்தரும் என்னிடம் புகைக்குக் கணக்குக் கேட்டதில்லை.) அதே ஆபீஸில் இருக்கும் பிரபுவை அவளுக்குப் பிடித்துவிட்டது. பையன் தங்கம். பையனின் அப்பா முத்துசாமிதான் கொஞ்சம் முறுக்கான ஆள். திருச்செங்கோட்டுப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறார். “போயும் போயும் மலைக்கு மேல போயா பொண்ணு எடுக்கறது?” என்று அவர் யாரிடமோ சொன்னது, ஒரு வளைவு விடாமல் ஏறி என் காதுக்கு வந்து சேர்ந்தது.

அன்றைக்கே முடிவு கட்டினேன். நிச்சயதார்த்தம் என் மண்டபத்தில்தான். அடுத்த மாதம் கல்யாணமும் அங்கேதான். அந்த மனிதர் மேலே வந்து, என் கட்டடத்தைப் பார்த்து, வாயைப் பிளக்க வேண்டும்.

(பிளந்தார். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.)

என் திட்டம் வேறு. மலையடிவாரத்திலிருந்து வரிசையாகக் கார்கள், மண்டபம் முழுக்க சீரியல் விளக்கு, ரெண்டு ஜெனரேட்டர். பூங்கொடி கேட்டதும் தலையில் கை வைத்தாள்.

“ஏனுங்கப்பா, ஊருக்கெல்லாம் புகையக் கொறைங்கன்னு சொல்லிப்போட்டு என்ற நிச்சயத்துக்கே இப்படிப் பண்ணுனா ஆபீஸ்ல எப்படீங்க தலைகாட்டறது? ஒரு விசேஷத்துல நெம்பப் புகை எதுல வருது, சொல்லுங்க பாக்கலாம்?”

“சமையக்கட்டுல.”

“இல்லீங்கப்பா. வர்ற சனம் ஏறி வர்ற வண்டில. ஆளுக்கொரு கார்ல வந்தா அதுதான் பெரிய கணக்கு. மத்ததெல்லாம் அதுக்கு அப்பறந்தான்.”

அவளே ஏற்பாடு சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுக்கு ரெண்டு வாடகை பஸ், காரே கிடையாது. பகல் வெளிச்சத்தில் விசேஷம். இங்கே விளைந்த சாமையும் ராகியும் அவரையும்தான் சாப்பாடு. பிளாஸ்டிக் ஒரு துண்டுகூட உள்ளே வரக் கூடாது. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்: “காலைல மலையேறும்போது அவிங்களுக்குத் திங்க ஒண்ணும் குடுக்காதீங்கப்பா. மேல வந்ததும் கூழு குடுத்துக்கலாம்.”

சரி என்றேன். ஆனால் சொன்னதை மட்டும் செய்தால் அவன் கூலியாள். நான் முதலாளி. கொஞ்சம் மெருகேற்றினேன்.

ரெண்டு பஸ்ஸை ஒன்றாக்கினேன். புகை பாதியாகக் குறைந்துவிட்டது. (சீட்டு கிடைக்காத சனம் நின்றுகொண்டு வரும், நிற்பதற்குக் கால் எதற்கு இருக்கிறது?) அடுத்தது, தாம்பூலத்துக்கு மஞ்சள் துணிப்பை. ‘பூமியைக் காப்போம்’ என்று எழுதி, கீழே நான் கைகூப்பி நிற்கிற படம் போட்டு அடித்தேன். பூமியின் படமும் போட்டிருக்கலாம், இடம் பத்தவில்லை.

மூன்றாவது, காலைச் சாப்பாடு. சம்பந்தியைப் பட்டினியாக மலையேற்றுவதா? அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையைப் பேசி, நெய் மிதக்கும் பொங்கல், வடை, இனிப்புப் பணியாரம், அதற்கு மேல் தேனில் ஊறிய பலாச்சுளை. எல்லாம் நம் மண்ணில் விளைந்தது. பலாப்பழத்தை மேலே இருந்து என் லாரியிலேயே இறக்கிக் கொண்டுவந்தேன். (அந்தப் புகையைக் கணக்கில் சேர்க்கவில்லை. சொந்த வண்டி.)

நான் பிறந்ததிலிருந்து இந்த ரோட்டில் ஏறி இறங்குகிறவன். மிளகு மூட்டை மேல் படுத்துத் தூங்கிக்கொண்டே எழுபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டியிருக்கிறேன். கீழே இருப்பவர்களின் வயிறு வேறு தச்சன் செய்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று காலை சம்பந்தி வீட்டார் நன்றாகவே சாப்பிட்டார்கள். முத்துசாமி மூன்றாவது தடவை பலாச்சுளை வாங்கினார். “பரவால்லீங்க, மலைக்காரங்க நல்லாத்தான் கவனிக்கறீங்க” என்றார். எனக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

பஸ்ஸில் ஏறினால், முன்பக்கக் கம்பியில் ஒரு கட்டு கறுப்பு பிளாஸ்டிக் கவர் தொங்குகிறது. அவிழ்த்து எடுத்தேன். டிரைவர் சண்முகம் பதறினான்.

“அண்ணா, அண்ணா! அது எதுக்குன்னு தெரியுமுங்களா?”

“தெரியும். பிளாஸ்டிக்.”

“அதில்லீங்ணா, வளைவுல ஏறும்போது சனத்துக்கு…”

“இது பசுமை விசேஷம். நீ ரோட்டைப் பாரு.”

அந்தக் கவர் கட்டைச் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு மஞ்சப்பை கொடுத்தேன். மேலே இறங்கும்போது எல்லார் கையிலும் என் படம் இருந்தால் ஊர் பார்க்குமே!

வண்டி ஏறத் தொடங்கியதும் கை மைக்கை எடுத்தேன். முன்னால் நின்று, பின்னால் திரும்பி, புகையைப் பற்றிப் பேசினேன். எத்தனை கார் வராமல் நிறுத்தினேன், அதனால் பூமி எவ்வளவு குளிர்ந்தது என்றெல்லாம் விளக்கினேன். வளைவு ஏற ஏற பஸ் அமைதியானது. சிரிப்பு நின்றது, பேச்சு நின்றது. எல்லாரும் கண்ணை இமைக்காமல் என்னையே பார்த்தார்கள். இப்படியொரு கூட்டம் எனக்கு வாய்த்ததே இல்லை. குரலை இன்னும் உயர்த்தினேன்.

முதலில் போனது பிரபுவின் அத்தை. ஒரு சத்தம். அடுத்த சீட்டில் இன்னொரு சத்தம். அப்புறம் பட்டாசுச் சரம்தான்.

“கவர்! கவர் குடுங்க!” என்று கத்தினார்கள்.

கவர் எங்கே? கையில் இருந்தது மஞ்சப்பை. நின்றவர், உட்கார்ந்தவர், சட்டைக்கு இஸ்திரி கலையாத பெரியவர் எல்லாரும் என் முகத்தைப் பிரித்து அதற்குள் குனிந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் ஜன்னலுக்கு வெளியே மரியாதையாக.

துணிப்பை நல்ல காற்றோட்டமாக இருக்கும் என்று தைத்துக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். காற்று மட்டும் ஓடியிருந்தால் பரவாயில்லை.

ஒரு வளைவில் நிறுத்தினோம். தின்பண்டம் என்று நினைத்து ஒரு குரங்கு ஒரு பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. உள்ளே பார்த்தது. என்னைப் பார்த்தது. பையை அதே இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது.

மேலே மண்டபத்து வாசலில் ஊரே நிற்கிறது. மேளம் முழங்குகிறது. என் மனைவி செல்லம்மா ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். பஸ் கதவு திறந்தது. முதலில் இறங்கியவர் சம்பந்தி. கையில் என் படம். படத்தில் நான் கைகூப்பி நிற்கிறேன், ரெண்டு கண்ணிலிருந்தும் சொட்டுகிறது. மேளக்காரர் தானாக நிறுத்திவிட்டார்.

“ஏனுங்க சம்பந்தி,” என்றார் முத்துசாமி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு. “பொண்ணைப் பாக்கக் கூப்புட்டீங்களா, கொடலைப் பாக்கக் கூப்புட்டீங்களா?”

“கொஞ்சம் உக்காருங்க, சரியாப் போயிரும்…”

“உக்காரறதா? நிச்சயமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒரு காரச் சொல்லுங்க, நாங்க போறோம்.”

பூங்கொடி வாசல் தூணைப் பிடித்தபடி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. பிரபு அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், எதுவும் பேச வாய் திறக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. (திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் நிலைமை.) நான் கட்டிய மண்டபம், போட்ட பந்தல், எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு ஈடில்லை என்று அப்போது பட்டது.

“கார் ஏதும் இல்லீங்க சம்பந்தி,” என்றேன். “எல்லாத்தையும் வேண்டாம்னு நிறுத்திப்போட்டேன். பஸ்ஸுதான் இருக்குது.”

சண்முகம் நல்ல பிள்ளை, உடனே எஞ்சினைப் போட்டான். டீசல் வாடை ஒரு வீச்சு வந்தது. முத்துசாமி பஸ்ஸைப் பார்த்தார். பஸ் அவரைப் பார்த்தது. வாயைப் பிளந்தார். அப்படியே மடங்கி என் மண்டபத்துப் படியில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு என் மண்டபம் ஆஸ்பத்திரி மாதிரி ஆனது. பாய் விரித்து எல்லாரும் படுத்தார்கள். பூங்கொடி பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொருத்தருக்கும் எலுமிச்சையும் சுக்குத் தண்ணீரும் கொடுத்தாள். அத்தைக்கு முகம் துடைத்துவிட்டாள். பையை எல்லாம் அவளே எடுத்துப் போனாள். மத்தியானம் போல முத்துசாமி எழுந்து ராகிக் கூழ் ஒரு சொம்பு குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

“ஆமாங்க, கல்யாணத்துக்கும் இதே ரோட்டுலதான் வரோணுங்களா?”

நான் தலையை ஆட்டினேன். படுத்திருந்த அத்தை கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “நான் வாரல சாமி. என்னை விட்ருங்க.”

“நானும்” என்று நாலைந்து பாய்களிலிருந்து குரல் வந்தது.

முத்துசாமி கூரையைப் பார்த்து யோசித்தார். “நாளைக்கு நாள் எப்படீங்க?”

செல்லம்மா ஓடிப்போய்க் காலண்டரைப் பார்த்தாள். “வளர்பொறை முகூர்த்தமுங்க!”

“அப்பறமென்ன? வந்தது வந்தாச்சு. இன்னிக்கு நிச்சயம், நாளைக்குத் தாலி. இன்னொருக்கா என்னால ஏற முடியாது.” அப்புறம் பூங்கொடியைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “உனக்குச் சம்மதமா கண்ணு? இந்த மலைப் பொண்ணு இல்லாட்டி நான் இன்னிக்குப் பொழைச்சிருக்க மாட்டேன்.”

பூங்கொடி என்னைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “எல்லாரும் ஒரே தடவ வந்து போனா பாதிப் புகை மிச்சமுங்க மாமா” என்றாள். (கல்யாணப் பெண் பேசுகிற பேச்சா இது?)

மறுநாள் காலை மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டி, நிச்சயத்துக்கு எடுத்த சேலையிலேயே கல்யாணம் முடிந்தது. ஜெனரேட்டர் இல்லை, சீரியல் விளக்கு இல்லை. சாமைச் சோற்றில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை, வயிறு அத்தனை காலி. இறங்கும்போது நானே போய்க் கறுப்பு கவர் ஒரு கட்டு வாங்கிவந்து பஸ்ஸில் மாட்டினேன். பூங்கொடி அதில் ஒன்றை உருவி மாமனார் கையில் கொடுத்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது வயிற்றைப் புரட்டினால், “அவர் மூஞ்சிய எடுத்துட்டு வா” என்கிறாள் செல்லம்மா. மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர். “மாமா முகத்தை எடுங்க” என்பார்.

சிரிக்கட்டும். என் குறை அதுவல்ல. போன மாதம் கோயம்புத்தூரில் பூங்கொடி மேடையேறிப் பேசியதைக் கேட்கப் போயிருந்தேன். திரையில் அவள் கல்யாணப் படம். “ரெண்டு விழாவை ஒன்றாக்குங்கள், விருந்தினர் ஒரே முறை பயணம் செய்யட்டும். எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் கலந்து பேசி எடுத்த முடிவு இது” என்றாள். பெரிய படிப்பு படித்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கலந்து பேசினார்களா? யார் பேசினார்கள்? பேசுகிற நிலைமையில் யார் இருந்தார்கள்? அத்தனை பேரையும் மறுபடி மலையேற முடியாதபடி செய்தது யார்? நான் பொங்கலில் நெய்யைக் குறைத்திருந்தால் அந்தக் கல்யாணம் ஒரே பயணத்தில் நடந்திருக்குமா?

ஆகவே பூங்கொடிக்கும் அவள் ஆபீஸுக்கும் இதன் மூலம் சொல்லிக்கொள்கிறேன். இனிமேல் அந்தப் படத்தைக் காட்டும்போது கீழே என் பெயர் வர வேண்டும். ‘ஆலோசனை’ என்று போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘ஏற்பாடு’ என்று போட வேண்டும். பெரிய எழுத்தில். இனிஷியலோடு.