அப்பா வைத்துப்போன சொத்தில் உன் பங்கு

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. அப்பா நமக்கு ஒரு சொத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, இருதய டாக்டரம்மா ஒருவரின் அறையில், உன் அண்ணியின் முன்னிலையில் அது எனக்குத் தெரியவந்தது. "அப்பா எனக்குச் சல்லிக்காசு வைக்கவில்லை, எல்லாம் என் கை உழைப்பு" என்று இருபத்திரண்டு வருஷமாக நம் டைல்ஸ் கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவந்தேன். அந்தப் பேச்சை இன்றோடு வாபஸ் வாங்குகிறேன். நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் நான் நலமா இல்லையா என்பதை மூன்று மாதம் கழித்துச் சொல்வதாக டாக்டரம்மா சொல்லியிருப்பதால், அந்த வரியை நிறுத்தி வைத்திருக்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். டாக்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் உன் போனில் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது.

பக்கத்துக் கடை பிளைவுட்காரரை உனக்குத் தெரியும். நாற்பத்து மூன்று வயது, சிகரெட் கிடையாது, சுவரில் சாய்த்து வைத்தால் அவரையும் ஒரு பலகை என்று விற்றுவிடலாம், அவ்வளவு ஒல்லி. போன மாதம் காலையில் ஷட்டரைத் தூக்கியவர், பாதியில் விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி அடுத்த தெருவில் இருந்ததால் பிழைத்தார். அன்று மாலையே உன் அண்ணி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கு இருதய டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டாள். ரத்தம் எடுக்கப் பத்து நாள் இருந்தது. அங்கேதான் என் வியாபாரப் புத்தி முழித்துக்கொண்டது. கடையில் சாம்பிள் பலகையில் எந்த டைலை ஒட்டுகிறோம்? இருபது பெட்டி பிரித்து, ஓரம் உடையாத, கீறல் விழாத, நிறம் சுத்தமாக வந்த ஒன்றைத்தானே. ரத்தமும் சாம்பிள்தானே என்று நினைத்தேன். பத்து நாள் வெள்ளரிக்காய், கேரட், உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ். நாக்கு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. பதினோராம் நாள் கையை நீட்டி ரத்தம் கொடுத்தபோது, சரக்கைக் கப்பலேற்றிய திருப்தி எனக்கு.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. நம்மைப்போல இந்திய வம்சாவளிதான். அறையில் ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு அளவு நாடா. சுவரில் படம் ஒன்றும் இல்லை. தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தப் பத்து நாளா என்ன சாப்பிட்டீங்க?"

"எப்பவும் சாப்பிடுறதுதான் டாக்டரம்மா. வெள்ளரிக்காய், கேரட்."

"எப்பவுமா?"

"பரம்பரையா."

உன் அண்ணி அப்போதே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா பேனாவால் ஓர் எண்ணைத் தொட்டார். "இந்தச் சோதனை நேத்து சாப்பிட்டதைக் காட்டாதுங்க. ரெண்டு மூணு மாசத்துச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும். இது சொல்ற கதையில வெள்ளரிக்காயே வரலையே."

"மூணு மாசம் முன்னாடி இவர்கிட்ட வெள்ளரிக்காயைக் காட்டியிருந்தா, இது கடிக்குமான்னு கேட்டிருப்பார்" என்றாள் உன் அண்ணி.

தம்பி, பெட்டியைப் பிரிக்காமலே அடித்தட்டில் எத்தனை டைல் உடைந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்கிறவன் நான். எனக்கே ஒரு வாத்தியார் அங்கே உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, மரியாதைதான் வந்தது. மேல்தட்டைக் காட்டி ஏமாற்ற முடியாத ஒரு சோதனையை எவனோ கண்டுபிடித்து வைத்திருக்கிறான், அவன் கையைக் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

அடுத்து எழுந்து நிற்கச் சொல்லி நாடாவால் இடுப்பை அளந்தார். தொண்ணூற்றேழு சென்டிமீட்டர். "நம்ம ஆம்பளைங்களுக்குத் தொண்ணூறுதான் எல்லை" என்றார். கல்யாணத்தன்று போட்ட அதே அளவு பெல்ட்டைத்தான் இன்றும் போடுகிறேன் என்று வாதாடினேன். "பெல்ட் அதே அளவுதான். இருக்கிற இடம்தான் இறங்கிடுச்சு. வயித்துக்கு மேல இருந்தது இப்ப வயித்துக்குக் கீழ போய் ஒதுங்கி நிக்குது" என்றார். குனிந்து பார்த்தேன். பெல்ட் தெரியவில்லை.

பிறகுதான் சொத்து விஷயம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அப்பா, சித்தப்பா, நான், நீ என்று வட்டம் போட்டார். அப்பா எந்த வயதில் போனார் என்று கேட்டார். நாற்பத்தேழு என்றேன். சித்தப்பா? ஐம்பத்தொன்று. இரண்டு வட்டத்திலும் கோடு போட்டார். இத்தனை வருஷம் நாம் என்ன சொல்லிக்கொண்டோம்? அப்பாவுக்கு வேலைப்பளு, சித்தப்பாவுக்கு ஊர்க் கண் பட்டது. வட்டத்தில் பார்த்தபோது கண் பட்டதாகத் தெரியவில்லை, தம்பி. அடுத்து இருந்த இரண்டு வட்டத்தில் ஒன்று எனக்கு, எனக்கு நாற்பத்தைந்து.

"ரத்தத்துல ஒருவகைக் கொழுப்பு, பிறக்கும்போதே கூட வர்றது. நம்ம வம்சாவளியில நிறையப் பேருக்குக் கூடுதலா இருக்கும். உங்களுக்கு ரொம்பக் கூடுதல். என்ன சாப்பிட்டாலும் இது பெருசா மாறாது. நம்ம ஆளுங்களுக்கு மாரடைப்பு மத்தவங்களைவிட ஏறக்குறைய பத்து வருஷம் முந்தி வர்றதுக்கு இருக்கிற காரணங்கள்ல இதுவும் ஒண்ணு."

"யார் குடுத்தது?"

"அப்பாவா அம்மாவான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்தத் தாளைப் பார்த்தா அப்பா பக்கம்தான் தோணுது. உங்க தம்பிக்கு வந்திருக்கிறதுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர் சோதிச்சாரா?"

பாகம் பிரிக்காத சொத்து, உனக்குப் புரிகிறதா? உன் பங்கு உனக்கு வந்ததா, முழுசாக என் தலையிலேயே விழுந்ததா என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் ஒல்லி, முப்பத்தெட்டுதான், ஒன்றும் இருக்காது என்றேன். "பிளைவுட்காரர் குண்டா?" என்று கேட்டாள் உன் அண்ணி. அந்த அறையில் எனக்கு ஒரு ஆள்கூட இல்லை.

கடைசியில் மருந்துப் பேச்சு. கெட்ட கொழுப்பு நூற்றைம்பத்திரண்டு இருக்கிறது, எழுபதுக்குக் கீழே வர வேண்டும் என்றார். விலை சொன்னால் எனக்கு வாய் சும்மா இருக்காது, அது உனக்குத் தெரியும்.

"நூத்திப்பத்துல முடிச்சுக்கலாம் டாக்டரம்மா."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, பேசலாம். நூத்திப்பத்து நீங்க தர்றீங்க. நான் பதிலுக்கு வருஷம்தானே தரணும்? எத்தனை வருஷம் கம்மி பண்ணிக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

நான் உன் அண்ணியைப் பார்த்தேன். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் நகத்தைப் பார்க்கவில்லை. பேரத்தில் முதலில் வாயைத் திறந்தவன் தோற்றான் என்பது என் சட்டம். டாக்டரம்மா திறக்கவே இல்லை. "எழுபதே இருக்கட்டும்" என்றேன். தினம் ஒரு மாத்திரை, அரை மணி நேரம் வேகநடை, உப்பும் சர்க்கரையும் குறைவு, மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம். பயமுறுத்தவில்லை, அதட்டவில்லை, அரை மணி நேரத்தில் என்னையே எனக்கு விற்றுவிட்டார். அந்தம்மா டைல்ஸ் கடை வைத்தால் நாம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நடையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் கிடங்கில் அடுக்குகளைச் சுற்றி நடந்தேன். முதலாளி வேவு பார்க்கிறார் என்று லோடு ஆட்கள் பயந்து, ஒரு மணி நேரத்தில் இரண்டு வண்டிச் சரக்கை இறக்கிவிட்டார்கள். இரண்டாம் நாள் வேலை அதிகம். காலடி எண்ணுகிற என் போனை லோடு மேஸ்திரியின் பையில் போட்டு அனுப்பினேன். பத்தொன்பதாயிரம் காலடி. உன் அண்ணி பூரித்துப்போய், பாராட்டலாம் என்று போன் போட்டிருக்கிறாள். "முதலாளி தூங்குறாருங்கம்மா" என்று மேஸ்திரி பதில் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து அவளும் என்னோடு நடக்கிறாள். வேகமாக நடக்கிறாள், தம்பி, நான் ஓட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், நீ லிஃப்ட் மெக்கானிக். "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு சர்வீஸ்" என்று கேட்கிற அடுக்குமாடிக்காரர்களை நீ திட்டுகிற திட்டு எனக்கு மனப்பாடம். அதில் அச்சில் ஏற்றக்கூடிய பகுதி ஒன்றுதான்: கயிறு அறுந்த பிறகு கூப்பிட்டால் நான் வந்து என்ன செய்ய. அதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். ஒரு குழல் ரத்தம், ஐந்து நிமிஷம். அப்பா போனபோது உனக்குப் பதினோரு வயது. உன் பெண்ணுக்கு இப்போது ஒன்பது.

நான் வற்புறுத்தவில்லை. நீ வளர்ந்தவன், உன் உடம்பு, உன் முடிவு. வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு. பெண்ணுக்குப் பெரியப்பாவின் முத்தம். எல்லா வளமும் பெற்று, அவளுடைய பேரப்பிள்ளைகளையும் தூக்கி அலுத்துப்போகும் வயதுவரை நீ இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: வற்புறுத்தவில்லை, உன் முடிவு என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உன் மனைவி போன் செய்தாள். பெண்கள் இருவரும் இருபது நிமிஷம் பேசினார்கள், பேசி முடித்தும்விட்டார்கள். உன்னையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. நீ முரண்டு பிடிப்பாய் என்று தெரிந்து, உனக்காக ஒரே ஒரு சலுகையை நான் வாதாடி வாங்கியிருக்கிறேன். முடிவான நிபந்தனை இது: வியாழக்கிழமை காலை ஏழேகால், வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். உன் தரப்பில் ஒரு குழல் ரத்தம். என் தரப்பில், முடிவு வந்ததும் தாளை முதலில் நீ மட்டும் தனியாகப் பார்ப்பாய். நீயாக வாய் திறக்கும்வரை நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். நீ தாளோடு தனியாக இருக்க ஒரு முழு நாள் கேட்டேன், பெண்கள் அரை நாளுக்குத்தான் சம்மதித்தார்கள்.