இருநூற்றுப் பன்னிரண்டு அசட்டுத்தனங்கள்

"மாமா, நீங்க எதையும் தொடலையே?" என்றான் மைத்துனன், தொலைபேசியில்.

"ஒரே ஒரு எண்ணைத்தான் மாத்தினேன்" என்றார் லிஃப்ட் மெக்கானிக். கணினித் திரையில் சிவப்பு எழுத்துகள் ஓடியபடி இருந்தன.

காலையில் வந்த மின்னஞ்சல் செய்த வேலை. அவர் மனைவியின் இணையதளம் பைதான் என்ற கணினி மொழியின் பழைய பதிப்பில் கட்டப்படுகிறதாம். வெள்ளிக்கிழமையோடு அந்தப் பதிப்புக்கு ஆதரவு கிடையாது, புதியதற்கு மாறவும் என்று தளத்தை வைத்திருக்கும் நிறுவனம் எழுதியிருந்தது.

அதில் எழுதி வந்த மனைவி இறந்து ஏழு மாதம். தளத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள். அத்தனையும் கணவர் செய்த அசட்டுத்தனங்கள். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனது, தான் பழுது பார்த்த லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டு அவளைக் கூப்பிட்டது. "அழிச்சுத் தொலை, மானம் போகுது" என்று மாதம் ஒரு தடவை சண்டை போட்டவர், இன்று அந்த மானத்தைக் காப்பாற்ற வேலைக்கு லீவு போட்டிருந்தார்.

"எந்தப் பதிப்பு எண் போட்டீங்க?"

"கம்பெனிக்காரன் புதுசு கேட்டான். இருக்கறதுலயே புதுசைப் போட்டேன்."

"ஐயோ மாமா! அக்கா எழுதினதைப் பக்கமா கட்டுற நிரல் பழசாச்சே. அதையும் புதுசாக்குங்க."

மைத்துனன் பிரிண்டர் விற்பவன். குடும்பத்தின் கணினி நிபுணன் அவன்தான்.

ஆக்கினார். அந்த நிரல் தனக்குத் துணையாக வேறு பதினான்கு நிரல்களைக் கேட்டது. அவற்றையும் கொடுத்தார். பக்கம் வந்தது; தலைப்புகள் மட்டும் வந்தன. கீழே அவள் எழுதிய ஒரு வரிகூட இல்லை. கேலிக்குப் பின்னால் இருந்த அன்பு போய், வெறும் குற்றப்பத்திரிகை நின்றது.

"பழைய குப்பை ஏதாவது தடுக்குது மாமா. 'வெளியீடு'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அழிங்க."

அழித்தார். தலைப்புகளும் போயின. வெறும் வெள்ளைத் திரை மட்டும் நின்றது.

"மாமா? லைன்ல இருக்கீங்களா?"

"உங்க அக்காவை இன்னொரு தடவை அனுப்பிட்டேன்டா" என்றார். மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சினான்.

நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டபோது ஒரு பெண் எடுத்தாள்.

தளத்தின் பெயரைச் சொல்லி, "எல்லாம் போச்சும்மா" என்றார்.

"எதுவும் போகல சார். நீங்க பண்ணினதெல்லாம் உங்க கம்ப்யூட்டரோட நின்னுடுச்சு. தளம் இங்க பத்திரமா இருக்கு. இப்பக்கூட லிஃப்ட் கதையைத்தான் படிச்சிட்டிருக்கேன்." சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அவர் கைப்பேசியில் திறந்து பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டும் இருந்தன, அவளுடைய ஒவ்வொரு வரியோடும். ஏழு மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"ஒண்ணும் ஆகாது சார். கட்டி முடிச்ச பக்கம், அச்சடிச்ச புத்தகம் மாதிரி. யாரும் தொடலைன்னா அப்படியே நிக்கும். புதுசா ஒண்ணு எழுதிச் சேர்க்கிறப்பத்தான் புதுப் பதிப்பு வேணும்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். மேடம்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க சார், அடுத்தது எப்ப எழுதப் போறாங்க?"